இரண்டு கத்திரிச்செடிக்கு எத்தனை மருந்து

செஞ்சியில் இறங்கியதும் முதல் வேலையாகத் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி, மூடியைத் திருகும்போது சீல் உடைகிற சத்தம் கேட்கிறதா என்று காதருகே வைத்துப் பார்த்தேன். கேட்டது. இருந்தாலும் பாதிதான் குடித்தேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் பார்க்கிறார் என்று அவர் மேலும் சந்தேகம் வந்தது.

என் புத்தி அப்படி. ஈப்போ நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். ஒருவர் தமிழில் சொல்கிற பொய்யைச் சூடு ஆறுவதற்குள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லி முடிப்பது என் தொழில். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் கணவரும் போய்விட்டார், இரண்டு வருடமாகிறது. மகன் பெர்த்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். மற்ற ஆறு நாளும் சந்தேகப்படக்கூட வீட்டில் ஆளில்லாமல் இருந்தபோதுதான் இந்த வேலை வந்தது.

கோலாலம்பூரில் மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து, செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்களின் மனநிலையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் உளவியல்காரர், ஒருவர் பொருளாதாரம் படித்த அம்மாள், இன்னொருவர் மானிடவியல்காரர். பெயர்கள் வேண்டாம், இதைப் படித்தாலும் படிப்பார்கள். பதினோரு கேள்விகள் கொண்ட ஒரு படிவம். அதைத் தமிழாக்கியது நான். தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா என்று ஆரம்பித்து, 'உயிரோடு இருந்து என்ன பயன், செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா?' என்பதில் முடியும். அந்தக் கடைசிக் கேள்வியை இவ்வளவு இயல்பான தமிழில் கொண்டுவந்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை.

நான்கு பெண்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி அனுப்பினார்கள். மூன்று பேர் அனுப்பியவற்றில் அங்கங்கே 'ஆம்' இருந்தது. நான்காவது பெண் வெண்ணிலா. அவள் அனுப்பிய நாற்பது படிவங்களிலும் பதினோராம் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் டிக் விழுந்திருந்தது. போதாததற்கு ஒவ்வொரு தாளின் மூலையிலும் மஞ்சளாக ஏதோ கறை.

அதை வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஒரு பிற்பகல் முழுக்க வாதாடினார்கள். கேட்பவர் மனம் கோணாத பதிலைத்தான் ஜனங்கள் சொல்வார்கள், மனதை அளக்கும் கருவியில் இது எப்போதும் இருக்கிற கோளாறு என்றார் உளவியல்காரர். "படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. அலையாமல் வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார். சாம்பார்க் கறையே சாட்சி. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்" என்றார் பொருளாதார அம்மாள், கொஞ்சமும் கோபமில்லாமல். மானிடவியல்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, அங்கே துயரம் மனதில் இருக்காது, வயிற்றிலும் காலிலும்தான் இருக்கும், நாம் தப்பான இடத்தில் தேடுகிறோம் என்றார். மூன்று பேரும் ஒரே மனிதப் பிறவியைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நீதிமன்றத்தில் நாங்கள் வைத்திருந்த மனிதன் வேறு. அவன் தெரிந்துதான் செய்வான், கேட்டால் தெரியாது என்பான்.

ஒன்றை மட்டும் மூவரும் செய்யவில்லை. வெண்ணிலாவுக்குப் போன் போட்டுக் கேட்கவில்லை. அதற்காக என்னை அனுப்பினார்கள். ஐந்து நாள். நான் தரவேண்டிய அறிக்கையின் கடைசி வரி இது: 'களப்பணியாளர் கேட்டதைத்தான் எழுதினாரா? ஆம் / இல்லை.' நான் 'இல்லை' என்று போட்டால் வெண்ணிலாவுக்கு வேலை போகும். இனி எந்த ஆய்விலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள்.

முதல் நாள் விடுதியில் கழிந்தது. போர்வையை உதறி, கட்டிலுக்கு அடியில் பார்த்து, கதவுக்கு உள்ளே நாற்காலியை முட்டுக்கொடுத்தேன். இரவு உணவு நான்கு இட்லி, மல்லாட்டைச் சட்னி. நிலக்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பெயர். ஈப்போவில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு வறுத்த கடலை தருவார்கள், ஓரமாக ஒதுக்கிவைப்பேன். இங்கே அதையே காய்ந்த மிளகாயோடு அரைத்து ஊற்றுகிறார்கள். சமையல்கட்டு எப்படி இருக்குமோ என்ற சந்தேகத்தோடேயே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் காலை ஏழுமலை என்ற ஆட்டோக்காரர் வந்தார். வல்லத்துக்குப் போகிற வழியில் வெண்ணிலாவின் ஊர். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் பின்னால் தெரியும். ஏழுமலையும் அதே ஊர்க்காரர்தான். பேசிக்கொண்டே ஓட்டுகிறவர், அதுவும் பின்னால் திரும்பிப் பேசுகிறவர்.

"மலேசியாவுல இருந்து வெண்ணிலாவ பாக்க வந்தீங்களா மேடம்? இன்னா வேலையா?"

"சும்மாதான்" என்றேன்.

"சும்மா யாருனா அம்மாம் தூரம் வருவாங்களா?" என்றார். நியாயமான சந்தேகம். முன்னால் வந்த லாரியைக் காட்டினேன், திரும்பிக்கொண்டார்.

வெண்ணிலாவுக்கு முப்பது வயதிருக்கும். சமூகவியலில் எம்.ஏ. ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டிய சின்னக் கான்கிரீட் வீடு, பூச்சு இன்னும் முடியவில்லை. வாசலில் ஒரு பெயின்ட் வாளியில் இரண்டு கத்திரிச்செடிகள். இலையெல்லாம் பளபளவென்று, காய் தொங்க, படத்தில் போடுகிற மாதிரி இருந்தன. உள்ளே கயிற்றுக்கட்டிலில் அவள் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அரிசி ஆலையில் இரவுக் காவலாம். அவர் விட்ட குறட்டையில் அந்த ஆலையே உள்ளே ஓடுகிற மாதிரி இருந்தது. நான் குரலை உயர்த்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"எங்க நைனா மேடம். இடி வுழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாரு. நீங்க சத்தமாவே பேசுங்க" என்றாள்.

படிவங்களைப் பற்றிக் கேட்டேன். எந்த வீட்டில் எப்போது போனாள், யார் கூட இருந்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். மடமடவென்று சொன்னாள். இப்படித் தடுமாறாமல் சாட்சி சொல்கிறவர்களைத்தான் நான் அதிகம் நம்பமாட்டேன். கண்ணை மேலே ஓட்டினேன். பரணில் சாக்குக்குப் பின்னால் பூச்சிமருந்து பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றிரண்டு இல்லை, ஏழெட்டு.

"நிலம் இருக்குதாம்மா உங்களுக்கு?"

"எங்களுக்கு ஏது மேடம் நெலம்? தாத்தா காலத்துல இருந்து அடுத்தவங்க கொல்லைலதான் வேல" என்றாள். பிறகு என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, "கத்திரிச்செடிக்கு" என்றாள்.

திரும்பும்போது ஏழுமலையிடம் மெதுவாகப் போட்டுவாங்கினேன். அவர் சிரித்தார்.

"அத்த ஏன் கேக்கறீங்க. அந்த ரெண்டு செடிக்கு எத்தினி மருந்துதான் அடிப்பாளோ! ஊர்ல ஒரு வூடு வுடாம கேட்டு வாங்கியாச்சு. பூச்சி பூச்சின்னு பொலம்பறா. நான் பாத்தவரைக்கும் அதுல ஒரு பூச்சியும் இல்ல."

வாங்கி விற்கிறாள் என்று முடிவுகட்டினேன். படிவத்தில் பொய், பூச்சிமருந்தில் வியாபாரம். அன்று இரவு அறிக்கையின் கடைசி வரியில் 'இல்லை'யைச் சுற்றிப் பென்சிலால் லேசாக ஒரு வட்டம் போட்டுவைத்தேன்.

மூன்றாம் நாள் அவளே வந்து, கோட்டையைப் பார்க்காமல் போகக் கூடாது என்று அழைத்தாள். என்னை வேறு பக்கம் திருப்பப் பார்க்கிறாள் என்று தெரிந்தேதான் போனேன். ராஜகிரி மலை பெரிய பெரிய பாறைகளைக் குவித்துவைத்த மாதிரி நிற்கிறது. என் முழங்காலுக்கு அடிவாரமே போதும் என்று கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதிரிக்குப் பயந்தவர்கள்தான் இப்படி மதிலுக்குள் மதில் கட்டுவார்கள், கட்டியவர் என் ஜாதி என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

அங்கே குரங்குகள் அதிகம். மனிதர்கள், தண்ணீர், விடுதிக்காரர் என்று எல்லார் மேலும் சந்தேகப்பட்ட நான், குரங்கை மட்டும் விட்டுவிட்டேன். ஒன்று பின்னாலிருந்து வந்து என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு மதில் மேல் ஏறியது. கடவுச்சீட்டு உள்ளே இருக்கிறது. நான் மலாயில் கத்தினேன். வெண்ணிலா பதறாமல் கையிலிருந்த அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்துத் தரையில் கொட்டினாள். குரங்கு பையைத் தலைகீழாகப் போட்டுவிட்டு இறங்கியது.

பையில் இருந்ததெல்லாம் புல்லில் சிதறியது. நான் கடவுச்சீட்டை எடுக்க ஓடினேன், அவள் மற்றதைப் பொறுக்கினாள். சீப்பு, கண்ணாடிக்கூடு, தூக்கமாத்திரை. மாத்திரைப் பெட்டிகளை அடுக்கும்போது அவள் கை ஒரு கணம் நின்றது.

"தூக்கம் வராதா மேடம்?"

"எப்பவாவது."

"அஞ்சு நாளைக்கு இம்மாம் எடுத்தாந்திருக்கீங்க."

"வெளியூர் மருந்துக்கடையில எனக்கு நம்பிக்கையில்ல" என்றேன் வெடுக்கென்று. அவள் வேறொன்றும் கேட்கவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தாள். என் பையைத் துருவுகிறாளே என்று எரிச்சலாக இருந்தது.

நான்காம் நாள் அவளுக்குத் தெரியாமல் அதிகாலையிலேயே ஊருக்குப் போனேன். வேலைக்குப் போகுமுன் பெண்களைப் பிடித்துவிட வேண்டும் என்று திட்டம். குழாயடியில் ஆறேழு பேர் இருந்தார்கள். வெண்ணிலா வந்து கேள்வி கேட்டாளா என்றேன்.

"வந்துச்சே. ரெண்டு மூணு வாட்டி வந்துச்சு. தூக்கம் வருதா, சோறு துன்றியான்னு எல்லாம் கேட்டுச்சு" என்றாள் ஒருத்தி.

"கடைசியா என்ன கேட்டாங்க?"

"கடைசியா கத்திரிச்செடிக்கு மருந்து இருக்குதான்னு கேட்டுச்சு!" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. குடம் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மாமியார் போலிருந்த அம்மாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "வாங்கிக்கினு போயி ஒரு மாசம் ஆவுது. குடுறீன்னா, நாளைக்கி நாளைக்கின்றா. தெனம் வந்து நாளைக்கின்னு சொல்றதுக்கு, ஒரு நாளு குடுத்துட்டு போவலாம்ல?"

சாகத் தோன்றியதுண்டா என்ற கேள்வியை யாரும் கேட்டதாகச் சொல்லவில்லை. வழக்கு முடிந்தது. நேரே வெண்ணிலா வீட்டுக்கு நடந்தேன். அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பதினோராம் கேள்விய நீ யாரையும் கேக்கல" என்றேன்.

குவளையைக் கீழே வைத்தாள். "கேக்கல மேடம்."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டவர்களை என் முப்பது வருடத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் சந்தேகம் இன்னும் கூடியது. ஏன் என்று கேட்டேன்.

"பகல்ல எல்லாம் வேலைக்கி பூடுவாங்க. நான் போறது பொழுது சாஞ்சி. வெளக்கு வெச்ச நேரத்துல ஒருத்தர் வூட்ல போயி குந்திக்கினு, சாவணும்னு தோணுதான்னு கேக்க முடியுமா? நீங்க கேப்பீங்களா?"

"லீவு நாள்ல பகல்ல போயிருக்கலாம்."

"பகல்ல கேட்டாலும் எழுத முடியாது மேடம். தாள்ல மேல அவங்க பேரு இருக்குது. வூட்டுக்காரரு பேரு, புள்ளைங்க பேரு எல்லாம் இருக்குது. அதுக்கு கீழயே சாவுக்கு ஆமான்னு டிக் போட்டா அது கருமாதி பத்திரிக மாதிரி ஆயிடாதா? மத்த மூணு பொண்ணுங்களும் டவுன்காரங்க, போட்டுட்டாங்க. எனக்கு கை வர்ல. அந்த கேள்வி இருக்கற தாள வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போறதே சங்கடமா இருந்துச்சு. நாலு மூலைலயும் மஞ்சா வெச்சிட்டுதான் எடுத்துக்கினு போவேன்."

மஞ்சள். நான் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நாலு மூலையும் மஞ்சள் தடவ, அப்பாவோடு உட்கார்ந்து விரல் நுனி ஒரு வாரம் மஞ்சளாகவே திரிந்தவள் நான். அதைக் கோலாலம்பூரில் பெரிய திரையில் பார்த்துவிட்டு, சாம்பார் என்று ஒரு அம்மாள் சொன்னபோது தலையாட்டியிருக்கிறேன்.

"இந்த கேள்விய எழுதினவங்க யாரோ, யாரு மூஞ்சியயும் பாத்து கேட்டிருக்க மாட்டாங்க" என்றாள் அவள்.

எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. "அந்தப் பாட்டிலெல்லாம்?" என்று பேச்சை மாற்றினேன்.

அப்பாவின் குறட்டைக்கு நடுவே முக்காலியைப் போட்டு ஏறி, ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். எட்டு பாட்டில். எதிலும் பெயர் எழுதவில்லை. கழுத்தில் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டியிருந்தாள். சிவப்பு, பச்சை, ஊதா.

"தூக்கம் வருதான்னு கேக்கறப்பவே தெரிஞ்சிடும் மேடம். சிலபேரு வெடுக்குன்னு பதில் சொல்லிட்டு வேற பக்கம் பாப்பாங்க. சிலபேரு சிரிப்பாங்க, அதான் பயம். அவங்ககிட்ட மீதி கேள்வி ஒண்ணியும் கேக்க மாட்டேன். எங்க செடில பூச்சி வுழுந்துடுச்சி, மருந்து இருந்தா குடுங்கம்பேன். அத்த போயி யாரும் இல்லன்ன மாட்டாங்க. வாங்கிக்கினு வந்துடுவேன். அப்பறம் குடுக்கறேன் குடுக்கறேன்னு தெனம் போயி தலைய காட்டிட்டு வருவேன். ரெண்டு பேர இடுப்பு வலின்னு சொல்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கி கூட்டிக்கினு போனேன். இப்ப பரவால்ல, மாத்திர சாப்டறாங்க."

ஊதா நூல் கட்டிய பாட்டிலைத் தனியாக நகர்த்திவைத்தாள். குழாயடியில் சிரிக்காமல் நின்றவளுடையது அது என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

"ஆனா பொய்தான் எழுதினேன் மேடம்" என்றாள். குரல் இப்போதுதான் உடைந்தது. "நாப்பது தாள்லயும் பொய். வேல போச்சுன்னா இதுக்கு போவட்டும். மருந்து விக்கறேன்னு மட்டும் எழுதிடாதீங்க. முந்தாநாளு நீங்க மேல பாத்ததுலயே தெரிஞ்சிது, நீங்க அப்டிதான் நெனச்சிட்டீங்கன்னு."

எனக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று அறிஞர்களும் நானும் ஆளுக்கொரு மனிதனை மனதில் கட்டிவைத்துக்கொண்டு அவளை அதற்குள் திணித்துப் பார்த்திருக்கிறோம். அவளோ, ஒரு மனுஷி தாங்கமுடியாமல் போகிற நேரத்தில் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறாள்.

அன்று மாலை விடுதி அறையில் இருந்து மூவரோடும் திரையில் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஊரையும் நூலின் நிறங்களையும் தவிர. உளவியல்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆனால் இதில் அவருக்கு என்ன லாபம்?" என்று பொருளாதார அம்மாள் உண்மையாகவே புரியாமல் கேட்டார். மானிடவியல்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மஞ்சளை வைத்தே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், படங்கள் எடுத்து அனுப்ப முடியுமா என்றார். முடியாது என்றேன்.

கடைசி வரியில் நான் 'இல்லை' என்றுதான் போட்டேன். கேட்காததை அவள் எழுதினாள், அது உண்மை. பொய்சாட்சி எனக்குப் பழக்கமில்லை. அதன் கீழே ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பதினோராம் கேள்வி ஒரு வீட்டில் கேட்கக்கூடிய கேள்வியே இல்லை, அதைத் தமிழில் எழுதியவள் ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு எழுதினாள் என்பதும் அதில் ஒரு வரி. உளவியல்காரர் படித்துவிட்டு என்னிடம் மட்டும் தனியாகப் பேசினார். "அந்தப் பெண் இருக்கட்டும். அங்கே உள்ள அரசு மருத்துவமனையில் மனநல நர்ஸ் ஒருவரை ஏற்பாடு செய்கிறேன். வெண்ணிலா கூடப் போனால்தான் கதவு திறக்கும்" என்றார். படிவத்தின் கடைசிக் கேள்வியை எல்லா ஊரிலும் எடுத்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை அவள் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். பொங்கலும் வடையும் வாங்கி இலையோடு கொண்டுவந்திருந்தாள். எண்ணெய் எப்படியோ என்று பார்க்காமல் சாப்பிட்டேன். வேலை போகவில்லை என்ற சேதியை ராத்திரியே சொல்லியிருந்தேன், அதனால் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. திண்டிவனம் பேருந்து வந்தது. கைப்பையைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தவள், கைப்பிடியை விடாமல் நின்றாள்.

"அம்மா" என்றாள். அதுவரை மேடம்தான். "எங்க நைனாவுக்கு சுத்தமா தூக்கமே வர்ல. பொரண்டு பொரண்டு படுக்கறாரு. ஒங்ககிட்ட மாத்திர இருக்குதுல்ல, குடுங்களேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திருப்பவில்லை. வாசல்வரை கேட்கிற அந்தக் குறட்டை எனக்கும் தெரியும், நான் கேட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.

அந்தப் பெட்டிகள் இரண்டு வருடமாகச் சேர்ந்தவை. தொலைந்துவிட்டது, வெளியூர் போகிறேன் என்று மருத்துவரிடம் ஏதாவது ஒன்றைச் சொல்லி வாங்கியவை. என்ன செய்வதாக இருக்கிறேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மகனும் கேட்டதில்லை, அவனுக்குத் தெரியாது. சந்தேகமே தொழிலாக இருந்தவளுக்கு, தன் கைப்பை மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

ஜிப்பைத் திறந்து எல்லாப் பெட்டிகளையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் எண்ணவில்லை. துணிப்பையில் போட்டுக்கொண்டு, தலையிலிருந்த மல்லிகைச் சரத்தின் நூல் நுனியை ஒரு சாண் அறுத்து அந்தப் பையின் காதில் கட்டினாள்.

"குடுத்துடறேன்மா. நாளைக்கி போன் பண்றேன், எடுங்க" என்றாள். பேருந்து நகர்ந்தது.

ஈப்போவில் நான் வீட்டைத் திறந்து ஜன்னல்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நல்ல வெயில், பகல் பதினொரு மணி.

"உங்க நைனா தூங்குறாராம்மா?" என்று கேட்டேன்.

"தூங்கறாரும்மா. நல்லா தூங்கறாரு. நீங்க?"

ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுப் போனை வைக்க ஒரு நொடி போதும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.